சாம்பிள்

"சாம்பிள் அனுப்புங்க மேடம்."
அரியமான் கரையில் ரிசார்ட் கட்டுகிறவர்.
வருஷ ஒப்பந்தமாம்,
மாசம் பிறந்தால் பணமாம்.

அனுப்புகிறேன்.
பாம்பன் பாலத்துக்கடியில் வரிசையாக நுழையும் படகுகள்.
கச்சானில் ஒருபக்கமாய்ச் சாய்ந்த பனைகள்.
மண்டபத்தில் ஐஸ் பெட்டிமேல் தூங்கும் பூனை.
இரண்டு நீல டிக் விழுகிறது.
"கடல் நல்லாருக்கு.
மனுஷங்களை எடுக்க மாட்டீங்களா?"

எடுத்திருக்கிறேன் சார்.
ஆறு வருஷம். நூற்றுப் பதினேழு கல்யாணம்.
கீழக்கரை வீடுகளில்
திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கபிரியேல் அண்ணன்,
இந்தப் பக்கம் நான்,
தங்கச்சிமடத்து மெர்சிலின்.
ஒரே கல்யாணம், ஒரே பிரியாணி.
அவர் பக்கத்தை இருபத்தையாயிரம் பேர் பார்க்கிறார்கள்,
கூலிங்கிளாஸ் போட்ட மாப்பிள்ளைகளை.
என் பக்கத்தில் பூனை.

எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது.
முன்பணம் ஐயாயிரம்,
பாக்கி, மச்சான் அபுதாபியிலிருந்து போட்டதும்.
கண்டிஷன் ஒன்றே ஒன்று:
ஆல்பம் கொடுக்க வரும் நாளில்
லேப்டாப்பும் ஹார்டுடிஸ்க்கும் கூடவே வர வேண்டும்.
சுபைதா லாத்தா
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அருகில் உட்காருவார்.
நிரந்தரமாக நீக்கவா என்று திரை கேட்கும்.
"ஆமான்னு அமுக்கு" என்பார்.
பச்சைக்கோடு ஓடி முடியும்வரை
எனக்குத் தொதல் வெட்டித் தருவார்.
எட்டு மணிநேரம் நின்ற கால்,
பத்து இரவு விழித்த கண்,
ஒரு துண்டு தொதலைத் தின்று முடிப்பதற்குள்
காலி.

காலியானதில் ஒன்றைச் சொல்கிறேன்.
மருதாணி காயாத கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
ரிஸ்மியா உட்கார்ந்திருந்தாள்.
மூக்கு அரித்தது அவளுக்கு.
சொறிந்துவிட நாலு பேர் ஓடினார்கள்,
நாலு பேரும் தப்பான இடத்தில் சொறிந்தார்கள்.
அந்தச் சிரிப்புக்குப் பின்னால், மங்கலாக,
தட்டு எண்ணிக்கொண்டிருந்த அவள் உம்மா
சேலையைச் செருகிக்கொண்டு
யாருக்காகவும் இல்லாமல்
இரண்டு எட்டு ஆடினார்.
ஃபோகஸை அங்கே திருப்பினேன்.
என்னைப் பார்த்தார்.
நிறுத்தவில்லை.
மூன்றாவது எட்டும் வைத்தார்.

அதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை.
அழித்த விரல் இதோ, இதேதான்,
"ஸாரி சார், வேற இல்லை" என்று
இப்போது தட்டுகிறது.

உப்புக்காற்று புகுந்து லென்ஸுக்குள் பூஞ்சை.
மதுரைக்கு அனுப்பினால் நாலாயிரம் கேட்பான்.
மீதி இரண்டையாவது காப்பாற்ற
அரிசி டின்னுக்குள் புதைத்துவைத்திருக்கிறேன்;
உலை வைக்கும்போதெல்லாம் அம்மா திட்டுகிறாள்.
தவணை பத்தாம் தேதி.
ட்ரோன் வாங்கு, ட்ரோன் வாங்கு என்கிறான் தம்பி.
இந்தக் கரையில் அதைப் பறக்கவிட்டால்
கீழே இறங்கும் முன்னே
விசாரிக்க ஜீப் வந்து நிற்கும்.

சாயங்காலம் தெரியாத எண்.
பெரியபட்டினத்திலிருந்து ஒரு பெண்குரல்,
பின்னால் மிக்ஸி ஓடுகிறது.
"அழிச்சுக் குடுக்கிற பொண்ணு நீதானே?"

எதைச் சொல்கிறார் என்று
ஒரு நொடி பிடிபடவில்லை.
பிறகு, ஆமாம் என்றேன்.

சாம்பிள் கேட்கவில்லை அவர்.
"வீட்டுல மூணு பொம்பளப் புள்ளைங்க.
மூணுக்கும் நீதான் வரணும்."
வழக்கத்தைவிட
ரெண்டாயிரம் கூட்டிச் சொன்னேன்.

மிக்ஸி நின்றது.
"எதுக்கும்மா கூட?"

"அழிக்கிறதுக்கு."

கொஞ்சநேரம்
அவர் வீட்டுச் சமையலறைச் சத்தம் மட்டும் கேட்டது,
குழாய்த் தண்ணீர், ஒரு காக்கை.
பிறகு மிக்ஸி ஓடத் தொடங்கியது.
அந்த இரைச்சலுக்கு மேலே கத்தித்
தேதியைச் சொன்னார்.