ரசீதின் பின்பக்கம்

ஆறு வருஷமாக என் இடம்
கடைசி பெஞ்ச், செருப்புகளுக்குப் பக்கம்.
காணிக்கைப் பை வரும்போது
விளிம்பை இரண்டு விரலால் மட்டும் பிடிப்பேன்,
மற்ற விரல்களை விரித்து,
யார் பார்த்தாலும் தெரியும்படி.
யாரும் பார்த்ததில்லை.

நாற்பத்தோராயிரத்து அறுநூறு.
வாலிபர் சங்கப் பொருளாளராக இருந்தபோது
நான் எடுத்தது.
எதற்கென்று சொன்னால் அது சாக்காகிவிடும்.
ஆயர் முன்னால் ஒருநாள் உடைந்து,
மாதம் ஆயிரத்து அறுநூறாக
இருபத்தாறு தவணையில் கட்டி முடித்தேன்.
கடைசி ரசீது சட்டைப் பையில் இருக்கும், நாலாய் மடித்து.
துவைக்கப் போடும்முன் எடுத்து
அடுத்த சட்டைக்கு மாற்றுவேன்,
கேட்டால் காட்டலாமே என்று.
யாரும் கேட்டதுமில்லை.

ஆண்டவரே, உமக்குத்தான் தினமும் காட்டினேன்.
இரவு ஜெபத்தில் அதே தொகை, அதே தேதி,
காலிசெய்து சாவியும் கொடுத்துவிட்ட வீட்டுக்கு
மாதாமாதம் கரண்ட் பில் கட்டுகிறவன் மாதிரி.
மனந்திரும்புதல் என்று அதற்குப் பேர் வைத்திருந்தேன்.
திரும்பினேன், சரி.
திரும்பிய இடத்திலேயே நின்றுவிட்டேன்.

ஐப்பசி கடைசி ஞாயிறு. மழை.
கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர்;
பொருளாளர் தேவசித்தம் ஓட்டேரியிலேயே மாட்டிக்கொண்டார்.
எண்ணுவதற்கு இரண்டு பேர் வேண்டும், அது சபை விதி.
பியூலா டீச்சர் கடைசி பெஞ்சுவரை வந்து
"நீங்க வாங்க" என்றார்.
"நானா?"
"பத்து வரைக்கும் எண்ணத் தெரியும்ல?"
அவருக்குத் தெரியும்.
எங்கள் வியாசர்பாடிச் சபையில்
தெரியாதவர் இல்லை.

வெஸ்ட்ரி சுவரில், நெஞ்சு உயரத்தில்,
வெள்ளம் வந்த டிசம்பரின் கோடு.
மூன்று முறை பெயின்ட் அடித்தும் மேலே வந்துவிடுகிறது.
தண்ணீர் இதுவரை வந்தது என்கிறது, அவ்வளவுதான்.
அதற்குக் கீழே மேஜை, நாற்காலி, பாட்டுப் புத்தகங்கள்,
எல்லாம் காய்ந்தே கிடக்கின்றன.

ஈரமான இருபது ரூபாய்த் தாள்கள்,
பிள்ளைகள் போட்ட ஐந்து ரூபாய்க் காசுகள்,
மல்லிப்பூ ஒட்டியிருந்த ஒரு ஐந்நூறு.
டீச்சருக்கு போன் வந்தது.
"உள்ளே சிக்னல் இல்ல" என்று வெளியே போய்விட்டார்.
நானும் மேஜையும் பணமும்.

எழுந்து கதவருகே போய் நின்றேன்,
கைகள் வெளியே தெரியும்படி.
"என்ன, முடிஞ்சிடுச்சா?"
"இல்ல. நீங்க வந்ததும்…"
"வீட்ல மீன் ஆயாமக் கெடக்கு. எண்ணுங்க சார்."

மறுபடி பேசத் தொடங்கினார், எனக்கு முதுகைக் காட்டி.

எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன்.
மன்னிப்பு இப்படி, கொண்டை கலைந்து,
சேலை நுனியில் சேறு பட்டு,
என்னைப் பாராமல் நிற்கும் என்று
எவரும் சொன்னதில்லை.

உட்கார்ந்தேன். எண்ணினேன்.
கை நடுங்கியது. நடுங்குகிற கைக்கும் எண்ண வருகிறது.
பத்து ரூபாய் குறைந்தது.
திரும்ப எண்ணினேன், குறைந்தது.
அந்த மழையிலும் வியர்வை.
பிறகு மண்டியிட்டு,
ஜெபத்துக்கு அல்ல,
பீரோவுக்கு அடியில் கையை விட்டு
உருண்டுபோன காசைத் துழாவி எடுத்தேன்.
ஜெபத்துக்கு அல்ல என்றா சொன்னேன்?
தெரியவில்லை.

கூட்டி எழுதத் தாள் இல்லை.
சட்டைப் பையில் இருந்தது ஒன்றுதான்.
பிரித்து, பின்பக்கம் எழுதினேன்:
ஒன்பதாயிரத்து முந்நூற்று எண்பது.
டீச்சர் வந்து சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு,
லெட்ஜரோடு சேர்த்துப் பின் அடித்துவிட்டார்.
முன்பக்கம் என்னவென்று புரட்டவில்லை.

வெளியே வந்து,
எதையோ தொலைத்தவன் மாதிரி
இரண்டு தடவை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன்.
அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார்,
தேவசித்தம் வந்தாலும்.