அசைந்தால்தான் வெளிச்சம்

பள்ளி திறந்த அன்று மேயர்
'எதிர்காலம்' என்று ஏழு முறை சொன்னார்.
எண்ணினேன். வேறு வேலையில்லை.
என் துடைப்பம் அப்போது
உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

சைலீசியாவின் இந்த மூலையில்
பனிக்காலத்தின் நிறம் வெள்ளை அல்ல, பழுப்பு.
துணி காயப்போட்டால்
புகையும் சேர்ந்து காயும்.
இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்
கூரையில் புல் முளைத்த ஓர் அரசுப் பள்ளியை.
மே மாதம் யாராவது ஏறி அதை வெட்ட வேண்டும்.
யார் என்று ஒப்பந்தத்தில் இல்லை.

கழிப்பறைக்கு மழைநீர்.
சுவரெல்லாம் மரம், தட்டினால் பதில் சொல்கிறது.
ரசாயனம் கூடாதென்று எனக்கு இரண்டு நாள் பயிற்சி:
வினிகர், சோடா உப்பு, கடைசியில் குரூப் போட்டோ.
வினிகரால் துடைப்பதற்குச் சான்றிதழ் வாங்கிய ஆள்
எங்கள் தெருவில் நான் ஒருத்திதான்.

விளக்குகளுக்குக் கண் உண்டு.
அசைந்தால் எரியும்.
பத்து நிமிடம் அசையாவிட்டால்
ஆளே இல்லை என்று முடிவுகட்டிவிடும்.
ஐந்தாம் வகுப்பில் வாசிப்பு நேரம்,
இருபத்தொரு பிள்ளைகள், மூச்சுச் சத்தம் மட்டும்,
பொசுக்கென்று இருட்டு.
அன்றிலிருந்து கையாட்டுவதற்கென்றே ஒரு பொறுப்பு.
இந்த வாரம் திமோன்.
கதைக்குள் விழுந்தால் எழுந்திருக்காத பிள்ளை,
லாயக்கே இல்லை.

யாக்னா ஒரு நோட்டோடு வந்தாள்.
"உங்க வீட்ல என்ன எரிக்கிறீங்க?"
நான்கு கட்டம் போட்டிருந்தாள்:
எரிவாயு, மின்சாரம், விறகு, நிலக்கரி.
வாளியைப் பார்த்தபடி
"எரிவாயு" என்றேன்.
அவள் என் நகக்கண்களைப் பார்த்தாள்.
பிறகு பென்சிலை மிக லேசாக அழுத்தி,
நாளைக்கு அழித்துவிடலாம் என்கிற மாதிரி,
முதல் கட்டத்தில் ஒரு கோடு.

தரையைச் சொல்லவில்லையே.
இந்தத் தரையில் வெதுவெதுப்பு உண்டு,
பூனை இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி மாதிரி.
சுரங்கத்தை மூடியபோது பம்புகளை நிறுத்தினார்கள்.
தண்ணீர் தன்பாட்டுக்கு ஏறி
அத்தனை சுருங்கையையும் நிரப்பிக்கொண்டது.
இப்போது அதை மேலே இழுத்து
சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு
திருப்பி அனுப்புகிறார்கள்.
பிள்ளைகள் அதன்மேல் காலுறையோடு சறுக்குகிறார்கள்.

என் வீட்டுக்காரர் அலோயிஸ்
அந்தப் பம்பில்தான் பத்தொன்பது வருடம்.
தண்ணீரை வெளியே தள்ளுவது,
நாளெல்லாம் அதுதான்.
திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டேன்.
"தண்ணிகிட்ட தோத்துட்டு
அதுக்கே போய்க் கைதட்டணுமா?"

நேற்றுக் கடும் பனி, பேருந்து நின்றுவிட்டது.
என்னைக் கூட்டிப்போக நடந்தே வந்தார்.
ஈரம் ஈரம் என்று நான் கத்த
பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
கூடத்தின் நடுவே போய் நின்றார்.
வாளியைக் கழுவி நான் திரும்பினால்
கூடம் கும்மிருட்டு.

"கையை ஆட்டுங்க."

ஆட்டவில்லை.

"கீழ எத்தனை டிகிரின்னு சொல்றாங்க?"

"இருபத்துநாலாம்."

"இருபத்தாறு." கொஞ்சம் கழித்து,
"ஆறாவது மட்டத்துல இருபத்தாறு.
எழுதி வச்சிருக்கேன். யாரும் கேக்கல."

கதவோரம் விளக்கின் கண் எட்டாத
ஓரடி இடம் உண்டு. எனக்கு மட்டும் தெரியும்.
அங்கேயே நின்றுகொண்டேன்.
யாக்னாவின் கோடு நினைவுக்கு வந்தது,
அதை அழிக்கச் சொல்ல வேண்டும்.
பூட்ஸிலிருந்து பனி உருகி
சொட்டுச் சொட்டாய் நான் துடைத்த தரையில்.

வாசல் திரையில்
இன்று மிச்சம் பிடித்த மின்சாரம்,
பச்சை எண்,
ஒன்று கூடியது.