அளவெடுக்காத முதல் நாள்

முதல் நாள் டேப் எடுத்துப் போவதில்லை.
செருப்பை எங்கே கழற்றுகிறார்கள்,
சாவியை எதன்மேல் எறிகிறார்கள்,
துவைத்த துணி மடிக்கப்படாமல்
எந்த நாற்காலியில் மலையாகிறது,
அதைப் பார்த்துவிட்டு
கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.
வீட்டுக்காரர்களுக்கு ஏமாற்றம்தான்.
லேப்டாப் திறப்பேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு கேள்வி மட்டும் எல்லோரிடமும் உண்டு:
அந்த டிசம்பரில்
தண்ணீர் வாசற்படி ஏறியபோது
எதைப் பரணுக்குத் தூக்கினீர்கள்?
சான்றிதழ், நகை, ரேஷன் அட்டை
அதெல்லாம் எனக்கு வேண்டாம்.
அதற்கு அடுத்தது.

ஒரு வங்கி மேலாளர் இட்லித் தட்டு என்றார்.
இன்னொருவர் யோசித்துக்கொண்டே இருந்தார்,
மனைவியைப் பார்த்தார்,
"நான் ஊர்லயே இல்லையே" என்றார்.
அவருக்கு நிறைய அலமாரி போட்டுக் கொடுத்தேன்.

பெனடிக்டா, கேரம் போர்டு என்றாள்.
அப்போது முடிச்சூர், தரைத்தளம்.
இப்போது கொட்டிவாக்கம், மூன்றாம் மாடி,
ஸ்கேன் சென்டரில் இரவுப் பணி.
காலை எட்டரைக்குப் படியேறி வருகிறவளின் கைபேசியில்
அறுபத்து மூன்று வீடுகளின் படங்கள்.
எல்லாம் வெள்ளை. எல்லாவற்றிலும்
யாரும் உட்காராத ஒரு சோபா.
"வெளிச்சம் நிறைய வேணும் மேடம்."
சொல்லும்போதே
கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

பகலில் தூங்குகிறவளுக்கு
நான் வாங்கியது இருட்டு:
பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்
மூடிய தியேட்டர் ஒன்றின் மெரூன் திரை, ஏழு கஜம்.
மூன்று முறை அலசியும்
இடைவேளை முறுக்கு வாசனை போகவில்லை என்று
துவைத்தவர் சத்தியம் செய்தார்.
கீல்கள் பித்தளையில்.
இரும்பென்றால் உப்புக்காற்று
இரண்டு ஐப்பசிக்குள் தின்றுவிடும்.

கேரம் போர்டில்தான் தப்புச் செய்தேன்.
சுவரில் மாட்டினேன், அதற்கென்று மேலே ஒரு விளக்கு.
படம் எடுத்தேன். நன்றாக வந்திருந்தது.

அடுத்த வாரம்
விளக்கு ஓர் ஆணியைக் காட்டிக்கொண்டிருந்தது.
போர்டு தரையில், பவுடர் தூவி.
எதிர்ப் பக்கம் யாருமில்லை.
"ரெண்டு பக்கமும் நானே ஆடுவேன்" என்றாள்,
"எப்பவும் கறுப்புதான் ஜெயிக்குது."
ஒன்றும் சொல்லாமல் ஸ்ட்ரைக்கரை வாங்கினேன்.
சிவப்பு விழுந்தது.
ஃபாலோ விழவில்லை.
எடுத்து நடுவில் வைத்தேன், தோற்றேன்.

அன்றைக்குத்தான் டேப்பை எடுத்தது:
போர்டுக்கு எவ்வளவு,
முட்டியை மடக்க எவ்வளவு,
எதிரில் இன்னொருவர் உட்கார எவ்வளவு.
சோபா கடைக்குப் போன் செய்து
வேண்டாம் என்றேன்.
முன்பணம் திரும்பவில்லை.

என் வீட்டைக் கேட்காதீர்கள்.
மடிப்பாக்கத்தில், நான்கு வருடமாக
ஒரு பல்பு வெறும் ஒயரில் தொங்குகிறது.
அதன் கீழே உட்கார்ந்துதான்
எல்லோர் வீட்டையும் வரைகிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும்.
கதவைத் திறந்ததும் இருட்டில்
ஸ்விட்சைத் தேடிய உள்ளங்கை
அவள் சுவரில் ஒரு கறை வைத்திருந்தது,
ஆறிப்போன டீயின் நிறத்தில்.
பட்டி பார்க்க வந்த கோதண்டம்
"இத அப்படியே விட்டுரலாமா?" என்று கேட்டார்.
என் கிறுக்கு அவருக்குத் தெரியும்.
போன வாரமாக இருந்தால்
சுற்றி ஃப்ரேம்கூடப் போட்டிருப்பேன்.
"அடிச்சிடுங்க" என்றேன்.
இரண்டு கோட்.

தை மாதம் பாக்கிப் பணத்துக்காகப் போனேன்.
நேரம் கெட்ட நேரம், மதியம் இரண்டு மணி.
கதவைத் திறந்தவள் தூக்கக் கலக்கத்தில்
சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
உள்ளே தரையில்
பாதியில் விட்ட ஆட்டம்,
இரண்டு டம்ளர்.

காசோலை எடுத்துவர அவள் நகர்ந்ததும் பார்த்தேன்.
அதே இடம்.
லேசாக,
இப்போதுதான் ஆரம்பித்திருந்தது.