பல்லுக்கா, மூக்குக்கா

மூன்று நாளாக இம்தியாஸின் எண் அணைந்திருக்கிறது.
பர்மா பஜாரில் அவன் கடை இருந்த இடத்தில்
ஒரு பையன் கைப்பேசி உறை விற்கிறான்.
'அண்ணன் ஊர்ல இல்லக்கா' என்கிறான்,
எந்த ஊர் என்று சொல்லாமல்.

கைப்பைக்குள் செத்துக் கிடக்கிறது
என் ஊதா நிறக் குழல்.
கடைசி மாம்பழ ஐஸ் தீர்ந்தது முந்தாநாள் ராத்திரி,
கத்திப்பாரா மேம்பாலத்தில், ஆட்டோவில்.
மாம்பழம் என்றுதான் எழுதியிருக்கும்.
எந்த மரத்திலும் காய்க்காத மாம்பழம்.

தலைக்குள் யாரோ நாற்காலி இழுக்கிறார்கள்.
இழுக்க இழுக்க
மண்ணடி வரை நடந்துவிட்டேன்.

போல்ட்டு நட்டு மொத்த வியாபாரத்துக்கும்
ஜெராக்ஸுக்கும் நடுவே
ஓர் ஆள் அகலத்தில் ஒரு கடை.
'பொடி' என்றேன். எனக்கே கேட்கவில்லை.
கடைக்காரர் நிமிராமல் கேட்டார்:
'பல்லுக்கா, மூக்குக்கா?'

குரல் கொடுத்துப் பிழைப்பவள் நான்.
ஏழு சீரியல். நான்கு மருமகள், இரண்டு மாமியார்,
ஒரு நாகக்கன்னி.
இந்தக் கேள்விக்கு மட்டும் வசனம் இல்லை.
மூக்கைத் தொட்டுக் காட்டினேன்.
மூக்குத்தியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
தகர டப்பி. சில்லறையாகக் கேட்டார்.

வடபழனி. ஒலிப்பதிவுக்கூடத்தின் பின்படிக்கட்டு.
வழக்கமாக நான் ஆவி விடும் இடம்.
ஆவிக்குச் சாட்சி கிடையாது.
'ஏதோ பழ வாசனை வருதே' என்பார் குணாளன்.
'சென்ட்டு சார்.'
ஐந்து வருடம்
ஒரு பழக்கடை அளவுக்குப் பொய்.

ஒரு சிட்டிகை எடுத்தேன்.
குழலை இழுக்கிற வேகத்திலேயே உறிஞ்சினேன்.
தப்பு.
கண்ணுக்குப் பின்னால் யாரோ மிளகாய் வற்றல் வறுத்தார்கள்.
தொண்டைக்குள் கசப்பு படியிறங்கியது.
மூக்குத்தித் திருகாணிக்குள் தூள் புகுந்து
சுருசுருவென்றது.
எட்டுத் தும்மல். எண்ணினேன்.
ஒன்பதாவது
வருவேன் வருவேன் என்று வாசலில் நின்று
வராமலே போனது.
துப்பட்டா நுனியெல்லாம் காவி.

ஆனால் சொல்லத்தான் வேண்டும்,
நாற்காலிச் சத்தம் நின்றுவிட்டது.

'பொடி வச்சுப் பேசறியாடி?' என்று
மாமியார் குரலில் எத்தனை தடவை
என்னையே நான் திட்டியிருக்கிறேன்
இதே மைக்கின் முன்னால்.

இன்று முந்நூற்றுப் பதினோராவது எபிசோட்.
நாகக்கன்னி கணவனை மன்னிக்கிறாள்.
'உங்களை...' என்று ஆரம்பித்தேன்.

ஒன்பதாவது வந்தது.

கண்ணாடிக்கு அப்பால்
ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார் குணாளன்.
டீ கொண்டுவந்த பையன் 'நூறு' என்றான்.
'என்னம்மா அது, மூக்குல?'
ஒரு காவிக்கோடு உதடு வரைக்கும் வந்திருந்தது.
இதற்குச் சென்ட்டு என்று சொல்ல முடியாது.
'பொடி சார்' என்றேன்.
மைக் ஆனில் இருந்தது. மூன்று அறைக்கும் கேட்டது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
'ஒன் மோர்' என்றார்.

ராத்திரி அதே ஆட்டோ வழி.
ஈக்காட்டுத்தாங்கல் பாலத்தில் அடையாறு நாறியது,
ரொம்ப நாளைக்குப் பிறகு,
மாம்பழம் குறுக்கே நிற்காமல்.
விட்டுவிட்டேன் என்று யாரிடமும் சொல்லப்போவதில்லை.
வாசலைத்தான் மாற்றியிருக்கிறேன்.
வருகிறவன் அவனேதான்,
செருப்பைக்கூடக் கழற்றாமல்.

கத்திப்பாரா ஏறும்போது போன் அதிர்ந்தது.
இம்தியாஸ்.
'அக்கா ஸ்டாக் வந்துச்சு. லிச்சி' என்பது வரைக்கும்
மேலே தெரிந்தது.

திறக்கக் கட்டைவிரலை வைத்தேன்.
ரேகைக்குள் பொடி.
நான்தான் என்று நம்ப மறுத்தது போன்.

துப்பட்டாவில் துடைத்துவிட்டு
மறுபடி வைத்தேன்.