மூன்று மூடிகள்

இன்றிரவு பூஜ்யத்தைத் தொடும் என்றது வானொலி.
ஓக்லஹோமாவில் ஒருவரும் நம்பவில்லை.
படகை எடுத்துக்கொண்டு
குளத்தை எனக்கு விட்டுப்போனான் வேட்.
எனக்கு நீச்சல் தெரியாது.

ஓடும் நீர் லேசில் உறையாது;
மூன்று நாளாய்ப் பம்ப்பை நிறுத்தவில்லை.
குளிரில் பாசிக்கும் சோம்பல்.
குளோரின் பாதி போதும்,
கரண்ட் பில்தான் இரட்டிப்பு.

இரண்டு மணிக்கு மின்சாரம் போனது.
என்னை எழுப்பியது
அந்த முனகல் நின்றதுதான்.

பதினொரு மாதத்துக்குப் பின் அவன் எண்.
"பம்ப் நின்றுவிட்டது."
நலமா என்றுகூடக் கேட்கவில்லை நான்.
"அடியில் இரண்டு மூடி. ஃபில்டரில் ஒன்று.
கையாலேயே திருகு. முழுக்க வடியட்டும்."

டார்ச்சைப் பல்லில் கடித்தபடி திருகினேன்.
நனைந்த கையுறைக்குள்
விரல்கள் யாருடையவோ.
"மூன்றும் வந்தாச்சு."
"பம்ப் கூடைக்குள் போட்டு வை,
மார்ச்சில் தேடாதே."
அவன் பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

"பால் கேன்?" என்றான்.
பாதி மணல் நிரப்பி ஆறு கேன்கள்
நேற்றே மிதக்கவிட்டிருந்தேன்.
பனிக்கட்டி விரிகையில்
சுவருக்குப் பதிலாய் நசுங்க
ஏதாவது வேண்டுமே.
"யார் சொன்னது உனக்கு?"
"நீதான். நாம் கத்திக்கொண்ட அன்று,
நடுவில்."
கொஞ்ச நேரம் இருவரும் வைக்கவில்லை.

விடிந்தபோது குளம் முழுக்க வெள்ளை.
ஐந்து கேன்கள் இடுப்பொடுங்கி நின்றன.
ஆறாவதைக் காணோம்.
எங்கிருந்தோ வந்த வாத்து ஒன்று
இறங்க நினைத்து வழுக்கி விழுந்து
எழுந்து
என்னைப் பார்த்துக் கத்தியது,
நான்தான் செய்ததுபோல.