எட்டுச் சொட்டு

எடை பார்த்துத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.
திறமை என்று யாரும் பொய் சொல்லவில்லை.
தபால் நிலையத்துப் பார்சல் தராசில் ஏறி நின்றேன்,
காலணியைக் கழற்றிவிட்டு.
நாற்பத்தாறு கிலோ. விஸ்வால்டிஸ் சிரித்தான்.
காதலில்கூட அவன் இப்படிச் சிரித்ததில்லை
என்றாள் டெக்லா. அவளுக்குத் தெரியும்.

பிறகு எல்லோரும் என் பின்னலைப் பார்த்தார்கள்.
தொண்ணூறு கிராம் இருக்கும் என்றான்.
வெட்டிக்கொண்டேன்.
நூற்றுப் பத்து இருந்தது. அதற்கும் மகிழ்ந்தான்.

வண்டி என்றால் வண்டியில்லை,
மூன்று சக்கரம் முளைத்த தண்ணீர்த் துளி.
படுத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்,
கால் முன்னே, முகத்துக்கு ஒரு சாண் மேலே கூரை.
பிணம் போல என்பேன், டெக்லா என் வாயைப் பொத்துவாள்.
குளிர்காலம் முழுக்க அதன் பெயின்ட்டைச் சுரண்டினோம்,
நூற்று நாற்பது கிராம்.
பேரிங்கின் கிரீஸைக் கழுவிவிட்டு
தையல் மிஷின் எண்ணெய் ஒரு பொட்டு.
எச்சில் கையால் காக்கை ஓட்டாத வண்டி இது.
ஓட்டினால் காற்று எவ்வளவு இழுக்கும் என்று
கணக்கே போட்டுக் காட்டுவான் அவன்.

மே மாதக் கடைசி.
சோவியத் ராணுவம் விட்டுப்போன ஓடுதளம்,
சிமென்ட் பலகைகளின் மூட்டுகளில் மஞ்சள் பூ.
பக்கத்துக் கொட்டகையில் எஸ்தோனியாக்காரர்கள்,
பாட்டரி வண்டி.
"இன்னமும் பெட்ரோலா?" என்றான் ஒருவன்,
அக்கறையாக, நோயாளியை விசாரிப்பதுபோல.
உன் மின்சாரம் எந்த அடுப்பில் வெந்தது என்று
விஸ்வால்டிஸ் திருப்பிக் கேட்கவில்லை.
பனிக்கட்டித் தண்ணீரிலிருந்து கண்ணாடிக் குழாயை எடுத்து
அதன் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்தினான்.
இருபது மில்லி.
இருமல் மருந்தே இதைவிட அதிகம் குடித்திருக்கிறேன்.

ஆறு வினாடி இன்ஜின். முதுகெலும்பு வழியே நடுக்கம்.
அணை.
அப்புறம் உருளல்.
அதைத்தான் நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை:
சத்தம் நின்ற பிறகும் போய்க்கொண்டே இருப்பது.
மூட்டுக்கு மூட்டு டக், டக்,
ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு,
வேகம் முப்பது, இருபத்தாறு, இருபத்திரண்டு,
கடன் வாங்கிய காசை
எண்ணி எண்ணி உடைக்கிறவள் போல.
பதினான்கு. மறுபடி ஆறு வினாடி.

ஏழாவது சுற்றில் ஆட்காட்டி கத்தியது,
தலைக்கு நேர்மேலே, கண்ணாடியை உரசிப் பாய்ந்து.
முன்னால் சிமென்ட்டில் ஒரு தூசு உருண்டை
கால் முளைத்து நின்றது.
ஓடவில்லை.
ஆபத்தென்றால் அசையாதே என்று அதற்குப் பழக்கியிருக்கிறார்கள்,
பிரேக்கைத் தொடாதே என்று எனக்குப் பழக்கியதுபோல.

தொட்டேன்.
முழுதாக நின்றேன்.
அது எந்தப் பக்கம் போனதென்று படுத்த இடத்திலிருந்து தெரியவில்லை.
தாய் மட்டும் வெகுநேரம் என்னைத் திட்டியது.
செத்த வண்டியை எழுப்பப் பதினோரு வினாடி.

பத்துச் சுற்று, பதினாறு கிலோமீட்டர்.
லிட்டருக்கு ஆயிரத்து நூற்றுப் பதினொன்று என்றார்கள்.
வேண்டியிருந்தது ஆயிரத்து நூற்று நாற்பது.
விஸ்வால்டிஸ் பென்சிலால் வரைபடத்தின் பள்ளத்தைத் தொட்டான்.
"ஏழாவதில் ஏன் பிரேக்?"
"குஞ்சு."
"எத்தனை கிராம்?" என்றான்.
பழக்கம்.
கேட்டபிறகு காது சிவந்து
குழாயைத் துடைக்கப் போய்விட்டான்.
எட்டுச் சொட்டில் போயிற்று எல்லாம்.

மாலையில் துளியைப் போர்வையில் சுற்றி
டெக்லாவின் அண்ணனுடைய டீசல் வேனில் ஏற்றினோம்,
நூறு கிலோமீட்டருக்குப் பதினோரு லிட்டர் குடிக்கும் வேன்.
ரீகா போகும் வழியில் பங்க்.
வெட்டிய முடி பிடரியில் குத்தியது.
நாற்பது லிட்டர் போட்டுவிட்டு அவர் குழாயை உருவினார்,
அதன் மூக்கிலிருந்து ஒழுகி
தரையில் விழுந்தது. விழுந்தது.
அவர் கவனிக்காமல் காசு கொடுக்கப் போனார்.
நாங்கள் மூவரும் குனிந்து நின்றோம்.
விஸ்வால்டிஸின் உதடு அசைந்துகொண்டிருந்தது.
ஐந்தாவதில் டெக்லா அவன் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

ஆறாவதை நான் பார்த்தேன்.