புழல்

ஞாயிற்றுக்கிழமை, கொளத்தூர்.
பை நிறையக் காற்று, கால்வாசி தண்ணீர்,
நூற்றிருபது ரூபாய்.
"கான்விக்ட் சார். கோடு பாருங்க, ஜெயில் சட்டை"
என்றார் அன்வர்தீன்.
கட்டைவிரல் நீளம்கூட இல்லை.
யாமினி வண்டியில் வரும்போதே பெயர் வைத்துவிட்டாள்:
புழல்.
குழாய்த் தண்ணீரும் அங்கிருந்துதான் வருகிறது,
நான் மறுக்கவில்லை.

வியாசர்பாடி வாரிய வீடு, மூன்றாம் மாடி.
பீரோவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர்,
அந்தப் பக்கம் தம்பி லோகுவும் அவன் பெண்டாட்டியும்.
ஜன்னல் எங்களுக்கு. ஃபேன் அவர்களுக்கு.
கரண்ட் பில் சண்டைக்கு அப்புறம்
பீரோ மட்டும்தான் பேசுகிறது,
கதவை அறைந்து சாத்தும் சத்தத்தில்.
எங்கள் பக்கம் இரண்டடித் தொட்டி.

முதல் ராத்திரியே
ஃபில்டருக்குப் பின்மூலையைப்
பட்டா போட்டுக்கொண்டான்.
மூன்றாம் நாள் கப்பிகளுக்கு வால் இல்லை.
ஆறாம் நாள் கப்பிகளே இல்லை.
ஏஞ்சல் மட்டும்,
ரேஷன் கடையில் கைரேகை விழாதவள் போல,
மேலோரமாய்ச் சாய்ந்து நின்றது.

தீனியைக் கூட்டிப் போட்டேன். தின்றான்,
தின்ற தெம்பில் துரத்தினான்.
செவ்வந்தி அரிசி களையும் கூடையில்
மூன்று நாள் அடைத்து மிதக்கவிட்டேன்
(அந்த மூன்று நாளும் அவள் என்னோடு பேசவில்லை).
திறந்ததும் நேராக மூலைக்குப் போனான்,
நடுவில் டீ குடிக்கப் போய்வந்தவன் மாதிரி.
கண்ணாடியைக் காட்டினேன்.
தன்னையே முட்டினான், மூக்கு வெளுக்கும்வரை.
யாமினி சிரித்தாள்.
நான் கண்ணாடியை எடுத்து உள்ளே வைத்தேன்.

போனில் அன்வர்தீன்:
"கல்லை மாத்துங்க சார், செடியை மாத்துங்க.
எது யார் இடம்னு மறந்துடும்."

பாதித் தண்ணீரை எடுத்து, கல்லெல்லாம் இடம் மாற்றி,
உடைந்த பூந்தொட்டி ஒன்றைக் கவிழ்த்தேன்.
புழல் நட்டநடுவில் நின்றான்.
கோடுகள் வெளிறின.
பழைய மூலை இருந்த திக்கில் போய்
ஒவ்வொரு கல்லாய்த் தொட்டுத் தொட்டுத் திரும்பினான்.
கால்வாய் ஓரத்திலிருந்து
லாரியில் ஏற்றி எங்களை இங்கே இறக்கிய அன்று
அப்பாவும் இப்படித்தான்
எல்லாக் கதவையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் அமைதி.
மூன்றாம் நாள் பூந்தொட்டி அவனுடையது.

போன வாரம், ராத்திரி ஒன்றரை மணி, கரண்ட் போனது.
அந்தப் பக்கம் ஃபேன் நின்றது.
இந்தப் பக்கம் குமிழி நின்றது.
போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தால்
ஏஞ்சலும் புழலும் தோளோடு தோள்,
மீனுக்குத் தோள் உண்டென்றால்,
தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து.

பீரோவுக்கு அப்பாலிருந்து:
"மோட்டார் நின்னுச்சா?"
ஏழு மாசத்தில் முதல் கேள்வி.

சொம்போடு வந்தான் லோகு.
மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினான்,
டீ ஆற்றுகிற மாதிரி.
அவன் கை ஓய்ந்ததும் நான்.
என் கை ஓய்ந்ததும் அவன்.
"மெதுவா ஊத்து, பயப்படுது"
என்றதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது.
பனியன் நனைந்து ஒட்டியிருந்தது இரண்டு பேருக்கும்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது.
ஃபேன் சுற்றியது.
சொம்பை வைத்துவிட்டு லோகு படுக்கப் போனான்.
புழல் திரும்பி
ஏஞ்சலை ஒரு கடி கடித்தான்.

இன்றைக்கு மறுபடியும் கொளத்தூர்.
பைக்குள் புழல், ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டு.
"நாப்பது ரூபாய்க்கு நானே எடுத்துக்கறேன்"
என்றார் அன்வர்தீன்.
நான் நாலடித் தொட்டி என்ன விலை என்று கேட்டேன்.
"வைக்க இடம் இருக்கா சார்?"

பீரோ மூன்றடி.
பக்கத்தில் துடைப்பம் செருகும் இடுக்கு ஓரடி.

தம்பியைக் கேட்கணும் என்றேன்.